'ஓ மை காட்' மலையில் ஒரு பி.காம்.!

தென் அமெரிக்காவில் கயானா என்றொரு நாடு இருப்பதே எனக்குக் கிரிக்கெட் மூலமாகத்தான் தெரியும். ரோஹன் கன்ஹாய், காளிச்சரண், கிளைவ் லாயிட், சந்தர்பால், சர்வான்... இதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி இரண்டு மார்க் கேள்வி கேட்டிருந்தால்கூட சாய்ஸில் விட்டிருப்பேன்.

அப்படிப்பட்டவனை அந்த நாட்டின் நடுக்காட்டில், ஒரு செங்குத்து மலையின் பாதியில், மரத்தின் வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'முருகா... முருகா...' என்று முனக வைத்த பெருமை முழுவதும் என் சித்தி பையனையே சேரும்.

2015-ல் கயானாவின் கடலுக்கடியில் எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2019 டிசம்பரில் எடுக்க ஆரம்பித்தார்கள். எண்ணெய் வந்தால் பணம் வரும். பணம் வந்தால் கணக்கு வரும். கணக்கு வந்தால் அங்கே நம்ம ஆள் ஒருத்தன் இல்லாமலா? என் சித்தி பையன் தலைநகர் ஜார்ஜ்டவுனில் கணக்கு எழுதப் போய்ச் சேர்ந்தான். போன வேகத்தில் ஒரு நாள் ராத்திரி போன்.

"அண்ணா, இங்க கயட்டூர்னு ஒரு அருவி இருக்கு. பிளேன்ல போனா ஒரு மணி நேரம். ஆறும் காடுமா போனா நாலு நாள். நீதான் வேலையை விட்டுட்டு எழுத்தாளரா இருக்கியே... நடந்து போய் எழுதேன்!"

"நீயும் வருவியாடா?"

"எனக்கு ஆடிட் இருக்குண்ணா. நான் பிளேன்ல போய்ப் பார்த்துட்டேன்."

உடன்பிறப்பு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

'வேலையை விட்டுட்டு' என்றான் பாருங்கள், அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும். நான் ஓர் ஆடிட் ஆபீஸில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனியின் ஸ்டாக் கணக்கில் ஓட்டை இருப்பதை மூன்று ராத்திரி கண் விழித்துக் கண்டுபிடித்து, 40 பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். ரிப்போர்ட் மேலிடம் போனது. பாராட்டு வந்தது. பார்ட்டி நடந்தது. முதல் பக்கத்தில் என் சீனியரின் பெயர் இருந்தது. என் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. பார்ட்டியில் எனக்கு ஒரு சமோசா கிடைத்தது. மறுநாளே பேப்பர் போட்டுவிட்டேன். இதெல்லாம் உங்களுக்குப் புதிதா என்ன... உங்கள் ஆபீஸிலும் ஒரு சமோசா கதை இருக்கும்.

சரி, அருவிக்கு வருவோம்.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு (அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் ஊர் ஏர்போர்ட்டிலேயே மடக்கி விடுவார்கள்), விமானம் மாறி விமானம் ஏறி, ஜார்ஜ்டவுனில் இறங்கினேன். தென் அமெரிக்கக் கண்டத்தில் இங்கிலீஷை ஆட்சி மொழியாக வைத்திருக்கிற ஒரே நாடு இது. ஆனால் தெருவில் பேசுகிற இங்கிலீஷ் வேறு. பாதி வார்த்தையை விழுங்கி, மீதியைப் பாட்டாகப் பாடுகிறார்கள். முதல் நாள் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' என்று தலையாட்டியதில், ஹோட்டலில் மூன்று பிளேட் மீன் வந்து சேர்ந்தது.

டிரெக்கிங் கூட்டிப் போகிற ஆசாமி எங்களுக்கு ஒரு பேப்பர் கொடுத்தார். '1870-ல் சார்லஸ் பாரிங்டன் பிரவுன் கண்ட அற்புதம்! அவர் அலைந்த பொட்டாரோ ஆற்றின் வழியே நீங்களும்...' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

யார் இந்த பிரவுன்? அப்போது இது பிரிட்டிஷ் கயானா. 'எங்கள் காலனியில் என்ன கல், என்ன மண், தங்கம் உண்டா, வைரம் உண்டா என்று பார்த்து எழுது' என்று 1867-ல் இரண்டு நிலவியல் நிபுணர்களை இங்கே அனுப்பினார்கள். ஒருவர் பிரவுன், இன்னொருவர் ஜேம்ஸ் சாக்கின்ஸ். சாக்கின்ஸ் லீவில் இருந்த நேரம் பார்த்து, 1870 ஏப்ரல் 24-ம் தேதி பிரவுன் இந்த அருவியின் தலைமாட்டில் போய் நின்றார். பார்த்த முதல் ஐரோப்பியர் அவர்தான். (லீவு போட்டால் என்னவெல்லாம் கை நழுவிப் போகும் என்பதற்கு சாக்கின்ஸ் ஓர் உதாரணம்!) அந்தத் தடவை பிரவுனுக்கு நின்று பார்க்க நேரமில்லை. மறுபடி வந்துதான் அளவெடுத்தார். 1876-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாகவும் போட்டார்.

பிரவுன் முதல் தடவை மேலாற்றிலிருந்து இறங்கி வந்தவர். நாங்கள் கீழேயிருந்து ஏறப் போகிறவர்கள். அதாவது சரித்திரத்தைப் பின்பக்க வாசல் வழியாகப் பார்க்கப் போகிறோம்.

எங்கள் கோஷ்டியில் நான்கு பேர். நான். பையைப் பார்த்தாலே பயமாக இருக்கும் ஒரு ஜெர்மன் ஜோடி. கனடாவில் குடியேறி லீவுக்கு ஊர் வந்திருந்த ஒரு கயானாக்காரர், வயது அறுபதுக்கு மேல். இவரைப் 'பெரியவர்' என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரையும் கட்டி மேய்க்க ஒரு கைடு. ஐம்பது வயது இருக்கும், குள்ளம், கையில் ஒரு வெட்டரிவாள். அந்த மலைப் பக்கத்துப் பட்டமோனா இனத்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் சிரிக்காமல் சிரிக்க வைப்பார்.

ஜார்ஜ்டவுனிலிருந்து பாக்சைட் தோண்டும் லிண்டன் நகரம் வரை ராஜபாட்டை. பிறகு ஓர் இடத்தில் தார் ரோடு முடிந்து செம்மண் ரோடு ஆரம்பிக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பாக இருந்தும், ஒவ்வொரு பள்ளத்திலும் என் தலை கூரையைத் தொட்டு நமஸ்காரம் செய்துவிட்டு வந்தது. எஸ்ஸிக்குவிபோ ஆற்றை மிதவையில் ஜீப்போடு கடந்தோம். அக்கரையில் அது ஆறா கடலா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மாதியா வந்துவிட்டது. தங்கம் தோண்டுகிறவர்களின் ஊர். எங்கு பார்த்தாலும் மண்வாரி இயந்திரம், டீசல் பீப்பாய், சேறு. தங்கம் கிடைக்கும் இடம் தங்கமாக இருக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பமேலா லேண்டிங் என்ற படகுத்துறையில் ஜீப் எங்களை உதிர்த்துவிட்டுத் திரும்பியது. எதிரே பொட்டாரோ ஆறு. தண்ணீரைப் பார்த்தேன். டீ டிக்காஷன்! காட்டின் இலைச் சருகெல்லாம் ஊறி ஊறி ஆறே அந்த நிறமாகிவிட்டது. கையில் அள்ளினால் இளம் தேன் நிறம், ஆழத்தில் கறுப்பு.

எனக்கு நீச்சல் தெரியாது. இதை டிரெக்கிங் பாரத்தில் 'ஓரளவு தெரியும்' என்று நிரப்பியிருந்தேன். லைப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் மூச்சு முட்ட இழுத்துக் கட்டியதைப் பார்த்து கைடு கேட்டார்: "ஓரளவுன்னா எவ்வளவு தம்பி?"

"முழங்கால் அளவு" என்றேன்.

அதற்குப் பிறகு படகில் என்னை அவர் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

படகின் பின்னால் மோட்டார்காரர் இருப்பார். ஆனால் உயிர் முன்னால் நிற்கிறவர் கையில் இருக்கிறது. கையில் துடுப்போடு நின்றபடி, டிக்காஷனுக்கு அடியில் எங்கே பாறை இருக்கிறது என்று தண்ணீர் சுழிப்பதை வைத்தே படிக்கிறார். துடுப்பை இந்தப் பக்கம் சாய்த்தால் மோட்டார்காரர் இந்தப் பக்கம் திருப்புவார். ஒரு வார்த்தை பேச்சில்லை. நம் ஆபீஸ்களில் இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடுவே இப்படி ஒரு புரிதல் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

அன்று ராத்திரி அமாட்டுக் அருவிப் பக்கம் தங்கல். படுக்கை தூளி. குழந்தையாக இருந்தபோது எவ்வளவு சுலபமாகத் தூங்கிய சமாச்சாரம்! முப்பது வயதுக்கு மேல் அதில் ஏறுவது ஒரு கலை. முதல் முயற்சியில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் விழுந்தேன். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவது தடவை கைடே வந்து, "குறுக்கே படு தம்பி, நீளவாக்கில் இல்லை" என்று சொல்லிக் கொடுத்தார். குறுக்கே படுத்தால் முதுகு நேராக இருக்கிறது!

தூளிக்குத் தூளி பேச்சு நடந்தது. பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க மெட்ராஸ்தானே? என் பேரை உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவாங்க?"

அவருடைய கடைசிப் பெயர் 'சாமி' என்று முடியும். ஆனால் அவர் சொன்ன உச்சரிப்பில் அது ஏதோ ஐரோப்பிய சாக்லேட் மாதிரி இருந்தது.

1838-லிருந்து 1917 வரை கரும்புத் தோட்ட வேலைக்காக இரண்டு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களைக் கப்பல் கப்பலாகக் கயானாவுக்குக் கொண்டு வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்திலிருந்து. ஆயிரக்கணக்கானோர் நம் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து. மொழி போய்விட்டது. பெயர் மிச்சம் இருக்கிறது. 2015-லிருந்து 2020 வரை இந்த நாட்டுக்குப் பிரதமராக இருந்தவர் பெயர் மோசஸ் நாகமுத்து. வெஸ்ட் இண்டீஸுக்குச் சுழற்பந்து வீசியவர் வீராசாமி பெருமாள். மாரியம்மாவுக்கு இங்கே கோயில் உண்டு. பூஜையில் அடிக்கிற மேளத்துக்கு இன்றைக்கும் பெயர் 'தப்பு'தான்.

பெரியவர் தன் போனில் ஒரு படம் காட்டினார். அவருடைய தாத்தாவின் அப்பா கப்பல் ஏறியபோது எழுதிய பதிவு. பெயர், அப்பா பெயர், ஊர், உடம்பில் உள்ள தழும்பு. எழுதிய குமாஸ்தாவுக்குக் காதில் விழுந்தது ஒன்று, கையில் வந்தது ஒன்று. ஊர்ப் பெயரை நான் எப்படிப் படித்துப் பார்த்தும் மூன்று மாவட்டங்களில் மூன்று ஊர்களுக்குப் பொருந்தியது.

பெயரை மட்டும் அந்தக் காலத்து ஆள் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படிச் சொன்னேன். பெரியவர் திருப்பிச் சொன்னார். தப்பு. இன்னொரு முறை. மூன்றாவது முறை சரியாக வந்தது. பிறகு பேசவில்லை. இருட்டில் அவர் தூளி மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் லாரி ஒன்று கியர் மாற்ற முடியாமல் திணறுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். இந்தக் காட்டுக்குள் லாரியா? இல்லை, ஊளைக்குரங்கு. நாய் சைஸுக்கு இருக்கிற குரங்குக்கு இவ்வளவு பெரிய தொண்டை!

அருவி குறுக்கிடும் இடங்களில் படகு போகாது. இறங்கி, சாமான்களைத் தலையில் சுமந்து, காட்டுக்குள் சுற்றிப் போய், மேலே வேறு படகில் ஏற வேண்டும். இரண்டாம் நாள் வராட்டுக் அருவியைச் சுற்றி நடந்தபோது ஒரு விழுந்த மரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. பிடிமானத்துக்காக நான் கையை நீட்டினேன். என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். கைடு.

"அங்கே பார்."

பார்த்தேன். சருகு. இன்னும் பார்த்தேன். சருகில் ஒரு பகுதி சுருண்டு படுத்திருந்தது. லபாரியா. கயானாவில் பலரைக் கடித்திருக்கும் விஷப் பாம்பு. என் விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். கைடு அதை அடிக்கவில்லை. எங்களைப் பின்னால் நகரச் சொல்லி, வேறு பக்கமாக ஒரு வழி வெட்டி அழைத்துப் போனார். என் கால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

அன்று மதியம் சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு ரொட்டி. நம் ஊர் கிழங்கு மாதிரி சும்மா வேக வைத்துத் தின்றுவிட முடியாது. இது கசப்பு ஜாதி, உள்ளே சயனைடு இருக்கிறது. துருவி, 'மட்டப்பி' என்கிற பின்னிய நீளக் குழாயில் திணித்து, அதை இழுத்துப் பிழிந்து விஷச் சாற்றை வெளியேற்றி, மாவைச் சுட்டு ரொட்டியாக்குகிறார்கள். சாற்றையும் வீணாக்குவதில்லை. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் விஷம் போய்க் கறுப்புக் குழம்பாகிறது. அதைச் சேர்த்துச் சமைத்த கறி சீக்கிரத்தில் கெடாது. விஷத்தைச் சாப்பாடாக மாற்றும் இந்தக் கெமிஸ்ட்ரியை யாரோ ஒரு பாட்டி எத்தனை தலைமுறைக்கு முன்னால் கண்டுபிடித்தாளோ! அவளுக்கு யாரும் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் டுக்கைட். மலையின் அடிவாரம். அருவி இன்னும் கண்ணில் படவில்லை. ராத்திரி டார்ச் வெளிச்சத்தில், இந்தக் கட்டுரைக்காக எழுதி வந்த குறிப்புகளைப் படித்துப் பார்த்தேன்.

'நான் பொட்டாரோவின் பாறைகளைக் கடந்தேன்... நான் வராட்டுக்கை வென்றேன்... காலடியில் கொடிய பாம்பு! நான் சட்டென்று நின்றேன்...'

நானா நின்றேன்?

ஆடிட்டர் புத்தி சும்மா இருக்குமா? எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பக்கத்தில் 'நான்' 31 இடத்தில் இருந்தேன். கைடு ஓர் இடத்தில்கூட இல்லை. படகின் முன்னால் நின்றவர் இல்லை. தூளியில் படுக்கச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்த கை இல்லை.

என் சீனியர்கூட எனக்கு ஒரு சமோசா கொடுத்தார் சார்!

தூக்கம் வரவில்லை. பி.காம். முதல் வருடம் அக்கவுண்டன்ஸியில் சொல்லிக் கொடுத்த முதல் விதி ஞாபகம் வந்தது. 'பெறுபவர் பற்று, தருபவர் வரவு.' யார் வாங்கினானோ அவன் கணக்கில் பற்று எழுது, யார் கொடுத்தாரோ அவர் கணக்கில் வரவு வை. இவ்வளவுதான் மொத்த விஷயம். மீதிப் படிப்பெல்லாம் இதன் விரிவுரை. பிரவுனுக்கு இந்த அருவியைக் கொடுத்தவர்கள் யார்? அவர் காட்டில் தடுக்கி விழுந்து கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கூட இருந்தார்கள். பார்த்த அன்று ராத்திரியே அருவியின் கதையை அவருக்குச் சொன்னார்கள். கதை சொல்லத் தெரிந்தவனுக்கு அருவி தெரியாதா? அப்புறம் என்ன 'கண்டுபிடிப்பு'? கையில் வாங்கியவன் பெயரில் வரவு வைத்து, கொடுத்தவர்களை 'மற்றும் பலர்' என்று முடித்துவிட்டது சரித்திரம். நான் ஆடிட் பண்ணியிருந்தால் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் அந்த மலை.

டுக்கைட்டிலிருந்து மேலே ஏறும் செங்குத்துப் பகுதிக்கு, ஏறிய யாரோ வைத்த பெயர் 'ஓ மை காட்'. பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. படி இல்லை, பாதையும் அநேகமாக இல்லை. ஈரப் பாறை, வழுக்கும் வேர், அதற்கு மேல் மறுபடி ஈரப் பாறை. ஜெர்மன் ஜோடி அந்த பூதப் பையோடு ஆடு மாதிரி ஏறிப் போனது. அறுபது வயதுப் பெரியவர் நின்று நின்று, ஆனால் விடாமல் ஏறினார். நான் பாதியில் வேரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு வாய்க்குள் அடித்தது.

"என்னால முடியாது. நான் இப்படியே இறங்கிடறேன்."

கைடு பக்கத்தில் உட்கார்ந்தார். என் பையை எடுத்துத் தன் பைக்கு மேல் மாட்டிக்கொண்டார்.

"எறங்குறது ஏறுறதைவிடக் கஷ்டம் தம்பி. மேலே பார்க்காதே. என் குதிகாலைப் பார். அது வைக்கிற இடத்துல நீ வை."

அவ்வளவுதான். அடுத்த இரண்டு மணி நேரம் நான் பார்த்த தென் அமெரிக்கா முழுவதும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸின் குதிகால்தான். அது வைத்த இடத்தில் வைத்தேன். ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

மேலே மலை சட்டென்று மேஜை மாதிரி தட்டையாகிறது. 170 கோடி வருடத்துக்கும் மேல் வயதான மணற்பாறை. ஆளைவிட உயரமாக வளரும் ஒரு செடியின் இலை இடுக்கில் மழைத் தண்ணீர் குடம் மாதிரி தேங்கி நிற்கிறது. அந்தக் குடத்துக்குள் கைடு எட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டை விரல் நகம் சைஸில் ஒரு தங்கத் தவளை! இந்த மலைப் பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. முட்டையிடுவதிலிருந்து முடிவு வரை அதற்கு அந்தச் செடிதான் வீடு. வாடகையும் இல்லை, அட்வான்ஸும் இல்லை.

சத்தம் முதலில் காதில் கேட்கவில்லை, காலில் கேட்டது. பாறை அதிர்ந்தது. புதர் விலகியது.

அகலமான ஆறு அமைதியாக நடந்து வருகிறது. ஒரு கோட்டுக்கு வந்ததும் அப்படியே மொத்தமாக மடிந்து கீழே விழுகிறது. படிப்படியாக இல்லை, ஒரே வீச்சில் 741 அடி, அதாவது 226 மீட்டர். நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றன் மேல் ஒன்றாக நான்கு அடுக்கினாலும் எட்டாது. நயாகராவைப்போல நான்கு மடங்கு உயரம். இதைவிட உயரமான அருவிகள் உலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலது கோடு மாதிரி விழும், இது ஆறாகவே விழுகிறது. சராசரியாக வினாடிக்குச் சுமார் 23,000 கன அடி. காவிரித் தகராறு செய்தி படிக்கிற நமக்கு இந்தக் கணக்குச் சட்டென்று புரியும். டிக்காஷன் நிறத் தண்ணீர் விளிம்பில் தங்கமாகி, பாதி வழியில் வெள்ளையாகி, அடியில் வெறும் புகையாகிவிடுகிறது.

விளிம்பில் கம்பி வேலி கிடையாது. கைடு அரிவாளால் தரையில் ஒரு கோடு போட்டார். "இதைத் தாண்டினா கயட்டூர் கதைதான்" என்றார்.

அந்தக் கதை இரண்டு விதம். காய் என்ற தலைவன் தன் மக்களைக் காப்பாற்ற, மகோனைமா என்ற பெரும் தெய்வத்துக்குத் தன்னையே பலியாகக் கொடுத்து ஓடத்தோடு அருவியில் இறங்கினான் என்பது ஒன்று. பிரவுனுக்கு அன்று ராத்திரி சொன்ன கதை வேறு. வீட்டில் தொல்லை கொடுத்த ஒரு கிழவரைச் சொந்தக்காரர்களே ஓடத்தில் உட்கார வைத்துத் தள்ளிவிட்டார்களாம்! ஒரே அருவி. ஒரு கணக்கில் தியாகி, இன்னொரு கணக்கில் தொல்லை. (ரிடையராகி வீட்டில் இருக்கிற அப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள், இரண்டுமே உண்மை என்பார்கள்.)

பிளேனில் வந்த ஒரு கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் கிளம்பிப் போனது. நாங்கள் அங்கேயே தங்கல். அதனால் அவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தோம். சூரியன் சாயும் நேரத்தில் உழவாரக் குருவிகள் வானத்தில் ஆயிரக்கணக்கில் கூடின. வட்டம் போட்டன. திடீரென்று கல் எறிந்த மாதிரி ஒவ்வொன்றாக நேராக அருவிக்குள்ளேயே பாய்ந்தன! தண்ணீர்த் திரைக்குப் பின்னால் பாறைக் குடைவில்தான் அவற்றின் ராத் தங்கல். தினமும் ஆபீஸ் முடிந்து இப்படி வீடு திரும்புவதை நினைத்தால், தாம்பரம் மின்சார ரயில் எவ்வளவோ தேவலை.

பெரியவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் வாய் அசைந்தது. சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. உதடு மூடித் திறந்த விதத்தைப் பார்த்தேன். அந்தப் பெயரை இப்போது சரியாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

நான் கைடு பக்கத்தில் போய் உட்கார்ந்து குறிப்பு நோட்டை எடுத்தேன். பாம்புப் பகுதியை இங்கிலீஷில் அவருக்குப் படித்துக் காட்டினேன். 'நான் சட்டென்று நின்றேன்' வரை வந்து, "இது பொய். நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்க. மன்னிச்சுடுங்க" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"உன்னை எங்கே காப்பாத்தினேன்? நான் பாம்பைக் காப்பாத்தினேன். உன் சைஸுக்கு நீ அது மேல விழுந்திருந்தா அது செத்திருக்கும்."

சிரித்து முடித்து, "உங்க பேரைப் பத்திரிகையில போடறேன். முழுப் பேர் சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தேன். என் கணக்கில் பாவத்தை நேர் செய்துவிடுகிற அவசரம்.

அவர் கொஞ்ச நேரம் அருவியைப் பார்த்தார்.

"இந்த வழியை எனக்கு என் மாமா காட்டினார். அவருக்கு அவர் அப்பா. அதுக்கு முன்னால யாரோ. அவங்க பேரை எல்லாம் போட உன் பத்திரிகையில இடம் இருக்கா?"

"இல்லை."

"அப்போ என் பேரை மட்டும் போட்டா, நீ எழுதின பாம்புக் கதை மாதிரிதான் ஆகும். வேண்டாம். வழி எங்களுடையதுன்னு போடு. போதும்."

மறுநாள் காலை பிளேன் வந்தது. நாங்கள் நாலு நாள் படகு தள்ளி, சுமந்து, வழுக்கி, தவழ்ந்த காடு மொத்தமும் ஜன்னலுக்குக் கீழே முட்டைக்கோஸ் வயல் மாதிரி ஒரு மணி நேரத்தில் ஓடி முடிந்தது. கைடு எங்களோடு ஏறவில்லை. அடுத்த கோஷ்டிக்காக மறுபடி 'ஓ மை காட்' வழியே கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

ஜார்ஜ்டவுன் ஏர்போர்ட்டில் சித்தி பையன் காத்திருந்தான்.

"எப்படிண்ணா இருந்துச்சு? தனியா ஜெயிச்சுட்டே போல!"

"பொட்டாரோக்காரங்க வழியில போயிட்டு வந்தேன்டா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. ஆடிட் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.